பாதியில் விட்டுப் போனவனைத் திரும்பச் சேர்க்கலாமா?

நாலாம்நம்பர் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் கால்பந்து அணியில் 18 பேர். யாரும் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் இல்லை. நான் கேப்டன். லீக்கில் மொத்தம் 14 ஆட்டம். ஆறாவது ஆட்டத்தில் 0-2 என்று பின்தங்கியிருந்தபோது, 55ஆவது நிமிடம், எங்கள் நடுக்கள ஆட்டக்காரனைக் கோச் வெளியே அழைத்தார். வந்தான், ஆனால் பெஞ்சில் உட்காரவில்லை. எட்டாம் நம்பர் ஜெர்சியைக் கழற்றித் தண்ணீர் பாட்டில் கூடைமேல் எறிந்தான். பையை எடுத்தான். போய்விட்டான். அன்று இரவே வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டான்.

அதற்குப் பிறகு மூன்று ஆட்டம் ஆடினோம். இரண்டில் தோல்வி, ஒன்று டிரா. பெஞ்சில் இருந்த 19 வயதுப் பையன் ஒருவன் இப்போது அந்த இடத்தில் ஆடுகிறான், அதே எட்டாம் நம்பரில். இன்னும் ஐந்து ஆட்டம் பாக்கி. பட்டியலில் கடைசியிலிருந்து இரண்டாவது இடத்தில் இருக்கிறோம்.

ஆறு வாரம் கழித்து நேற்று எனக்கு ஒரு வரி அனுப்பியிருக்கிறான்: "திரும்ப வரலாமா?"

கோச் முடிவை எங்களிடமே விட்டுவிட்டார். பாதிப் பேர் வரட்டும் என்கிறார்கள், பாதிப் பேர் முகத்தைக்கூடப் பார்க்க விரும்பவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோல்கம்பம்

கூடாது. ஒரே வார்த்தை.

நான் 12 வருடம் கோல்கீப்பராக நின்றவன். பின்னால் நின்று பார்க்கிறவனுக்குத்தான் தெரியும், 0-2 ஆனதும் யார் தலை தொங்குகிறது, யார் இன்னும் ஓடுகிறார்கள் என்று. உங்கள் ஆள் தோற்றுக்கொண்டிருக்கும்போது போயிருக்கிறான். ஜெயிக்கும்போது போயிருந்தால்கூட நான் யோசிப்பேன். மீதி இருந்தவர்கள் அந்த 35 நிமிடத்தையும் ஆடி முடித்தார்கள் அல்லவா? அவர்களுக்குக் கோபம் வராதா?

பதினோராவது ஆள்

கோல்கம்பம் அண்ணே, கோபம் சரிதான். ஆனால் ஐந்து ஆட்டம்தான் இருக்கிறது, அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கப் போகிறது. மான்செஸ்டர் சிட்டி ஆட்டக்காரர் டெவெஸ் கதையைப் பாருங்கள். 2011 செப்டம்பரில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிரான ஆட்டத்தில் அவர் களமிறங்க மறுத்துவிட்டதாகச் சொன்ன பயிற்சியாளர் மான்சினி, இனி இவர் எனக்காக ஆடமாட்டார் என்று அன்றைக்கே அறிவித்தார். டெவெஸ் அர்ஜென்டினாவுக்குப் போய் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார். அப்புறம் என்ன ஆயிற்று? 2012 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டார். மார்ச்சில் செல்சிக்கு எதிராக மாற்று ஆளாக (சப்) வந்தார், நஸ்ரி அடித்த வெற்றி கோலுக்குப் பந்து கொடுத்ததே அவர்தான். ஏப்ரலில் நார்விச்சுக்கு எதிராக மூன்று கோல். மே மாதம் மான்செஸ்டர் சிட்டி, புள்ளி சமமானதால், கோல் வித்தியாசத்தில் பட்டம் வென்றது. கோல் வித்தியாசத்தில்! அந்த மூன்று கோலும் கணக்கில் உண்டு.

அணிக்குத் தேவை என்றால் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோல்கம்பம்

நீங்கள் டெவெஸைச் சொன்னால் நான் கெவின்-பிரின்ஸ் போவாடெங்கைச் சொல்வேன். கானா அணியை 2011இல் விட்டார், அப்போது அவருக்கு 24 வயது. உலகக் கோப்பை நெருங்கும் நேரத்தில், 2013இல், திரும்பி வந்தார். சிவப்புக் கம்பளம் விரித்துச் சேர்த்தார்கள். 2014 பிரேசில் உலகக் கோப்பையில் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஒழுங்குக் காரணத்தைச் சொல்லி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. முதல் சுற்றிலேயே கானாவும் வெளியேறியது.

தேவைக்காகச் சேர்த்தவன் தேவை தீர்ந்ததும் என்ன செய்வான் என்று யோசியுங்கள்.

பழைய ரெஃப்ரி

இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. டெவெஸுக்குப் பெரிய தொகைக்கு ஒப்பந்தம் இருந்தது, கிளப்பால் அவரைச் சும்மா விட்டிருக்கவும் முடியாது. இங்கே அப்படி எதுவும் இல்லை. இந்தப் பையனை வரச்சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவனாக வருகிறேன் என்கிறான். அது ஒரு வித்தியாசம்.

இன்னொன்று, நாலாம்நம்பர் தம்பி முதலில் லீக் விதியைப் பார்க்கட்டும். அவன் பெயர் இன்னும் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா? நடுவில் வேறு அணிக்குப் பதிவு செய்துகொண்டானா? பதிவுக் கெடு முடிந்துவிட்டதா? தகுதி இல்லாத ஆளை இறக்கினால் ஜெயித்த ஆட்டத்தின் புள்ளியும் போகலாம். உணர்ச்சியாகப் பேசிவிட்டுக் கடைசியில் காகிதத்தில் தோற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாலாம்நம்பர்

நன்றி சார். பார்த்துவிட்டேன். பட்டியலில் பெயர் இருக்கிறது, நாங்கள் எடுக்கவில்லை. வேறெங்கும் ஆடவில்லை.

வலதுகால்காரி

இதுவரை எழுதிய எல்லாரும் சேர்க்கலாமா கூடாதா என்றே பேசுகிறீர்கள். அவன் ஏன் போனான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாலாம்நம்பரும் எழுதவில்லை. வெளியே எடுத்ததற்காக மட்டும்தான் ஜெர்சியை எறிந்தானா?

பெண்கள் கால்பந்தில் இருந்து சொல்கிறேன். அடா ஹேகர்பெர்க் 2017இல் நார்வே அணியை விட்டார். பெண்கள் கால்பந்தை அங்கே நடத்திய விதம் பிடிக்கவில்லை என்று விட்டார். 2018இல், சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பாலோன் தோர் விருது பெண்களுக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டதே அவருக்குத்தான், ஆனாலும் 2019 உலகக் கோப்பைக்குப் போகவில்லை. அவரைத் துரோகி என்றவர்கள் உண்டு. 2022இல் திரும்பினார், கொசோவோவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் அடித்தார்.

ஸ்பெயினையும் பாருங்கள். 2022 செப்டம்பரில் 15 பெண்கள், இப்போது இருக்கும் சூழலில் எங்களைத் தேர்வு செய்யாதீர்கள் என்று கால்பந்து சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அந்தப் 15 பேரில் மூன்று பேர் 2023 உலகக் கோப்பையில் ஆடினார்கள், அய்தானா பொன்மதி அதில் ஒருவர். ஸ்பெயின் கோப்பையை வென்றது. அந்த 15 பேரையும் "விட்டுப் போனவர்கள்" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிட முடியுமா? அவர்கள் போனதால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரிந்தது.

போவது எல்லாம் ஒரே மாதிரிப் போவது இல்லை. காரணத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கோல்கம்பம்

அவர்கள் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள், சகோதரி. ஆட்டத்தின் நடுவில் ஜெர்சியை எறியவில்லை.

வலதுகால்காரி

ஒத்துக்கொள்கிறேன். போன விதம் தப்பு, அதற்கு அவன் பதில் சொல்லத்தான் வேண்டும். நான் கேட்பது போன காரணத்தை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

பக்கக்கோடு

சின்ன வயதினருக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சேர்க்கலாம் என்கிற கட்சிதான் நான். ஆனால் இங்கே எல்லாரும் போனவனைப் பற்றியே பேசுகிறோம், எனக்கு அந்த 19 வயதுப் பையன்தான் கண்ணில் நிற்கிறான்.

யாரும் எதிர்பாராத நேரத்தில் அவனை இறக்கியிருக்கிறீர்கள். தோற்கும் அணியில் நடுக்களம் என்பது எவ்வளவு கஷ்டம். இரண்டு பக்கமும் ஓட வேண்டும், பந்து கையைவிட்டுப் போனால் அத்தனை கண்ணும் அவன்மேல்தான். மூன்று ஆட்டம் அதைத் தாங்கியிருக்கிறான். இப்போது பழையவன் வந்து நின்றதும் "தம்பி, நீ பெஞ்சுக்குப் போ" என்றால் அவனுக்கு நீங்கள் சொல்லிக்கொடுப்பது என்ன? இருந்தவனைவிட எறிந்துவிட்டுப் போனவனுக்குத்தான் மதிப்பு என்று.

மான்செஸ்டர் யுனைடெட்டின் பால் ஸ்கோல்ஸ் 2011இல் ஓய்வு பெற்றார். 2012 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகத் திடீரென்று சப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அவர் சண்டை போட்டுப் போனவர் இல்லை, அதனால் இதே கதை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வருடக்கணக்கில் அவர் போட்ட 18ஆம் நம்பர் ஆஷ்லி யங்கிடம் போயிருந்தது. ஸ்கோல்ஸ் 22ஐ வாங்கிக்கொண்டார். அந்த அணிக்கு அவ்வளவு செய்தவர், வேண்டும் என்று சொல்லியிருந்தால் பேசிப் பார்த்திருப்பார்கள். 22ஐப் போட்டுக்கொண்டு ஆடினார், அடுத்த சீசனில் பட்டமும் வென்றார்.

உங்கள் எட்டாம் நம்பர் அந்தப் பையனிடமே இருக்கட்டும். அதை முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் மற்றது.

பதினோராவது ஆள்

இது நான் யோசிக்காத கோணம். நம்பர் விஷயம் மனதில் தைத்தது.

ஆனால் ஒரு சந்தேகம். நன்றாக ஆடுகிறவனை இறக்காமல் வைத்திருந்து அணி இறங்கிவிட்டால் மற்ற 17 பேருக்கும் நியாயம் என்ன? ஜிதான் 2004இல் பிரான்ஸ் அணியிலிருந்து விலகினார். தகுதிச் சுற்றில் அணி தடுமாறியது. 2005இல் அவரும் துராமும் மக்கெலேலேயும் சேர்ந்து திரும்பினார்கள். வந்ததும் நேரே முதல் பதினொருவர்தான். 2006 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போனார்கள். வரிசையில் நில் என்று ஜிதானிடம் யாராவது சொல்லியிருப்பார்களா?

பக்கக்கோடு

ஜிதானிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் யாரையும் அவமானப்படுத்திவிட்டுப் போகவில்லையே. மெஸ்ஸியும் அப்படித்தான். 2016 கோபா அமெரிக்கா இறுதியில் பெனால்டியை மேலே அடித்துவிட்டு, தேசிய அணி எனக்கு முடிந்துவிட்டது என்றார். தோல்வியின் வலியில் வந்த வார்த்தை என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு மாதத்தில் திரும்பிவிட்டார், செப்டம்பர் 1 அன்று உருகுவேக்கு எதிராக ஒரே கோல், அவருடையது. 2022இல் உலகக் கோப்பையையும் தூக்கினார். அன்றைக்கு "சொன்ன சொல்லைக் காப்பாற்று" என்று கதவைச் சாத்தியிருந்தால்?

களைத்துப்போய் விலகுகிறவன் ஒரு வகை. மோதிக்கொண்டு விலகுகிறவன் இன்னொரு வகை. முதலாமவன் வந்து நின்றால் போதும். இரண்டாமவன் வந்து பேச வேண்டும்.

நாலாம்நம்பர்

வலதுகால்காரி கேட்ட கேள்வி இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அவனை இன்று மாலை நேரில் பார்த்தேன். மைதானத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோம். ஏன் போனாய் என்றேன். பதில் சொல்லாமல் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். அது ஒரு ஸ்கிரீன்ஷாட்.

எங்களில் ஆறேழு பேர் தனியாக ஒரு சின்னக் குழு வைத்திருக்கிறோம், அவன் அதில் இல்லை. ஐந்தாவது ஆட்டம் முடிந்த இரவு அதில் நான் எழுதியிருந்தேன்: "அவன் இனிமேல் ஓட மாட்டான். அடுத்த ஆட்டம் பாதியில் எடுத்துவிடச் சொல்லி கோச்சிடம் பேசுகிறேன்." யாரோ அதை அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவன் அதைப் படித்துவிட்டுத்தான் ஆறாவது ஆட்டத்துக்கு வந்திருக்கிறான். 55ஆவது நிமிடம் பலகையில் எட்டு என்று காட்டியபோது, நடந்துகொண்டே என்னைத்தான் பார்த்தானாம். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேனாம். எனக்கு அது நினைவில்கூட இல்லை.

"நேராக என்னிடம் சொல்லியிருந்தால் நானே உட்கார்ந்திருப்பேன்டா" என்றான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவனும் ஜெர்சியை எறிந்தது தப்பு என்றான். முதல் பதிவில் இதை எழுதாததற்கு உங்களிடமும் மன்னிப்பு. எனக்கு அந்தச் செய்தி அவனுக்குப் போனது தெரியாது, ஆனால் அப்படி எழுதியது தெரியும்.

கோல்கம்பம்

தம்பி, இதை இங்கே வந்து சொன்னதற்கு உன்னை மதிக்கிறேன். என் முதல் பதிவின் சூட்டில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பாதியைத்தான். அவனுக்குக் காயம் உன்னால். சரி. ஆனால் கோல்கீப்பர் அந்தக் குழுவில் இருந்தானா? அந்த 19 வயதுப் பையன் இருந்தானா? அவர்களையும் சேர்த்துத்தான் விட்டுப் போயிருக்கிறான். உன்னிடம் சொன்னதை அவர்களிடமும் சொல்லட்டும்.

பழைய ரெஃப்ரி

அயர்லாந்து கேப்டன் ராய் கீன் ஞாபகம் வருகிறது. 2002 உலகக் கோப்பைக்கு முன்னால் சைபன் தீவில் அயர்லாந்து அணி பயிற்சிக்குப் போயிருந்தது. அங்கிருந்த வசதிகள் பற்றிக் கீன் பத்திரிகையில் பேசினார். பயிற்சியாளர் மெக்கார்த்தி அதை எல்லா வீரர்களுக்கும் முன்னால் எடுத்துக் கேட்டார். கீன் வெடித்தார், கேப்டன் இல்லாமலே அணி உலகக் கோப்பைக்குப் போனது. கடைசி 16 வரை போய் ஸ்பெயினிடம் பெனால்டியில் தோற்றது. அந்த நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மெக்கார்த்தி அந்த வருடமே விலகினார், வேறு பயிற்சியாளர் வந்த பிறகு 2004இல்தான் கீன் திரும்பினார்.

இதில் நான் கற்றது ஒன்று. தனியாகப் பேச வேண்டியதைக் கூட்டத்தில் பேசினால் யாராலும் இறங்கிவர முடியாது. படிக்கட்டில் உட்கார்ந்து பேசினாயே, அது சரியான இடம். ஆனால் ஜெர்சி எல்லார் முன்னாலும் எறியப்பட்டது, அதனால் அதற்கான வார்த்தை எல்லார் முன்னாலும்தான் வர வேண்டும். உன்னுடைய வார்த்தையும் சேர்த்து.

வலதுகால்காரி

ஆமாம், நீங்களும் பேச வேண்டும். கேப்டன் முதலில் பேசினால் அவனுக்குச் சுலபமாக இருக்கும். அந்தத் தனிக் குழுவையும் மூடிவிடுங்கள்.

உடம்பையும் கவனியுங்கள். ஆறு வாரம் ஓடாமல் இருந்திருந்தால் மூச்சுப் பலம் இறங்கியிருக்கும். வந்த ஜோரில் முழு வேகத்தில் ஓடினால் தொடையின் பின்தசை இழுத்துக்கொள்ளும். முதல் வாரம் ஸ்பிரின்ட் வேண்டாம். எனக்கு அப்படித்தான் போனது, ஒரு சீசனே போயிற்று.

நாலாம்நம்பர்

செவ்வாய்ப் பயிற்சிக்கு முன்னால் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தோம். நான் எழுதியதை வார்த்தை மாறாமல் வாசித்துக் காட்டினேன். குரல் நடுங்கியது, மறைக்கவில்லை. குழுவை அங்கேயே நீக்கினேன்.

அப்புறம் அவன் எழுந்தான். நீளமாகப் பேசவில்லை. கோச்சிடம் ஒரு வார்த்தை, கோல்கீப்பரிடம் ஒரு வார்த்தை. கடைசியாக அந்தப் பையன் பக்கம் திரும்பி, "உன்னைத் தயாரில்லாமல் மாட்டிவிட்டேன், மன்னிச்சிரு" என்றான். பையன் உட்கார்ந்த இடத்தில் புல்லைப் பிடுங்கிக்கொண்டே, "எட்டு வேணுமாண்ணா?" என்று கேட்டான். அவன் வேண்டாம் என்றான். பெட்டியில் மிச்சம் இருந்தது 21. அதை எடுத்துக்கொண்டான்.

வாக்கெடுப்பு நடத்தவில்லை. இரண்டு பேர் இன்னும் அவனிடம் பேசுவதில்லை. அவர்களை அவசரப்படுத்தப் போவதும் இல்லை.

பக்கக்கோடு

அவசரப்படுத்தாதீர்கள். ஆனால் பயிற்சியில் அந்த இரண்டு பேரோடு அவனை ஒரே பக்கம் போடுங்கள். நான்குக்கு நான்கு சின்ன ஆட்டம் வையுங்கள். பாஸ் கேட்காமல் அந்த ஆட்டத்தை ஆட முடியாது.

பதினோராவது ஆள்

ஞாயிறு ஆட்டம் என்ன ஆயிற்று? இறக்கினீர்களா?

நாலாம்நம்பர்

இறக்கவில்லை. 1-1. கோச் முன்பே சொல்லிவிட்டார், பையன்தான் தொடக்கத்தில், 21 பெஞ்சில்.

63ஆவது நிமிடம் பையனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, தரையில் உட்கார்ந்துவிட்டான். கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பதற்குள் 21 எழுந்து கோட்டோரமாக ஓடிச் சூடுபடுத்த ஆரம்பித்துவிட்டான். பையனுடைய காலை நான் நீட்டிப் பிடித்தேன், அவன் எழுந்து நின்று, முடியும் என்று கையைக் காட்டினான். கோச்சும் சரி என்றார். 21 அங்கேயே நின்றான். கொஞ்சம் ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது, நான் பார்த்தேன், இந்த முறை பார்வையைத் திருப்பவில்லை. பக்கத்தில் கிடந்த பாட்டிலை எடுத்துப் பையனை நோக்கி உருட்டிவிட்டு, "வலது பக்கம் ஆள் காலியா இருக்கான், அங்க திருப்பு" என்று கத்திவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

கோல்கம்பம்

அடுத்த ஆட்டம் என்றைக்கு?

நாலாம்நம்பர்

சனிக்கிழமை. கோச் அவனுக்கு 20 நிமிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேசாத இரண்டு பேரில் ஒருவன் நேற்று அவனைப் பயிற்சியிலிருந்து வண்டியில் கொண்டுபோய் விட்டான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.